நாலு மரம் ஒரு கட்டம்

எங்கள் வட்டாரத்தில் 'எத்தனை மரம்' அளவுக்கு மனுசருடைய பொறுமையைச் சோதித்த ஆள் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியாது.

சாமளாபுரம் பக்கம் ஒரு கொய்யாத் தோட்டம். முதலாளிக்கு நல்லூரில் பனியன் கம்பெனி. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது நான். மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் நானும் என் பெண்சாதியும் குடியிருப்பு.

காய்ப்பு குறைந்தது. "புது உரம் போட்டுப் பாக்கலாம். சரிப்படலைன்னா மரத்தை வெட்டிப்போட்டு குடோன் கட்டீருவேன்" என்றார் முதலாளி. குடோன் வந்தால் எங்கள் அறையும் போகும்.

உரத்தைச் சோதிக்க ஒருவரைக் கூட்டி வந்தார். ஏதோ பழப்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தப் புது உரத்தை விற்கும் உரக்கடைக்காரர் சுலபமாக வழி சொன்னார்: "ஒரு மரத்துக்குப் போடலாம், பக்கத்து மரத்துக்கு வேண்டாம். தெரிஞ்சு போகுமுங்க."

வந்தவர் தலையாட்டவில்லை. "ஒரு மரம் சொன்னா நம்பீருவீங்களா? ஒண்ணாச் சேத்து எடை பாக்கற ஒரு கட்டத்துக்கு எத்தனை மரம் வேணும்னு மொதல்ல பாக்கோணுமுங்க."

அன்றே அவருக்கு 'எத்தனை மரம்' என்று பெயர் விழுந்தது.

எங்கே போனாலும் இதே கதைதான். டீக்கடையில் ஒருவர், "இங்க டீ நல்லா இருக்குமுங்க" என்றார்.

"எத்தனை நாள் குடிச்சீங்க?"

"இன்னைக்குத்தானுங்க."

இவர் நாலு நாள், நாலு வேளை குடித்துப் பார்த்தார். "காலையில சுமார். சாயங்காலம் தேவலை" என்று கடைக்காரரிடமே தீர்ப்பும் சொன்னார். ஐந்தாம் நாள் அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார்.

தோட்டத்தில் ஒரு வருசம் முழுக்க அந்த உரத்தைத் தொடவே விடவில்லை. எல்லா மரத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே சாணி. கம்பெனி வேஸ்ட் துணியில் நம்பர் எழுதி மரத்துக்கு மரம் கட்டினார். காய்களை மரவாரியாக எடை போட்டோம். விழுந்தது, கிளி கொத்தியது எதையும் விடவில்லை. அணில் ஒரு காயைத் தூக்கிக்கொண்டு ஓடினால், எந்த மரத்துக் காய் என்று பின்னாலேயே ஓடுவார்.

ஒருநாள் என் பெண்சாதி ஒரு காயைக் கடித்துவிட்டாள்.

"அம்மணி, எந்த மரம்?"

அவள் கை காட்டினாள். மீதிக் காயை வாங்கித் தராசில் வைத்தார். கடித்த வாய்க்கு ஒரு கணக்குப் போட்டு நோட்டில் ஏற்றினார்.

"ஒரு காயத் திங்க விடமாட்டேங்கறாரே மனுசன்!" என்றாள் என்னிடம். நான் தின்றது எதுவும் நோட்டில் ஏறவில்லை.

வருசக் கடைசியில் முதலாளி உரக்கடைக்காரரோடு வந்தார். கோபம்.

"ஏனுங்க, ஒண்ணுமே போடாம என்னத்தைங்க சோதிச்சீங்க?"

"மரத்துக்கு மரம் எத்தனை மாறுதுன்னு பாத்தேனுங்க."

உரக்கடைக்காரர் தண்ணீர்த் தொட்டி ஓரத்து மரத்தைக் காட்டினார். "இந்த ஒரு மரத்தைக் குடுங்க. நிரூபிச்சுக் காட்டறேன்."

'எத்தனை மரம்' நோட்டைப் புரட்டினார். "இது அறுபது கிலோ. பக்கத்து மரம் முப்பது. இதுக்கு உங்க உரம் போட்டாலும் ஜெயிக்கும், போடாட்டியும் ஜெயிக்குமுங்க."

உரக்கடைக்காரர் செல்போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. 'எத்தனை மரம்' முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஒத்தை மரத்து எடை கண்டபடி தாவுது. ரெண்டு ரெண்டாச் சேத்தா கொஞ்சம் அடங்குது. நாலு மரம் ஒரு கட்டம்னு வெச்சா, கட்டத்துக்குக் கட்டம் ஒத்து வருது. எட்டாக்கினாலும் பெருசா வித்தியாசமில்லீங்க. நாலு போதும். துணி சுருங்குமான்னு பாக்க, ரோல் ஓரத்துல ஒரே துண்டு வெட்டியா துவைச்சுப் பாப்பீங்க?"

"அப்படிப் பாத்தா சரக்கு திரும்பி வந்துருமுங்க" என்றார் முதலாளி. குரல் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு வருசம் கொடுத்தார்.

நாலு மரக் கட்டங்களாகப் பிரித்தோம். சிலதுக்கு உரம், சிலதுக்குக் கவாத்து, சிலதுக்கு இரண்டும் இல்லை. உரம் தோற்றது. கவாத்து செய்து கிளையை வெட்டி விட்ட மரங்கள் ஜெயித்தன. தோட்டம் தப்பியது. எங்கள் அறையும்.

இந்த வருசம் அவருக்கு இடுப்பு முடியவில்லை, வரவில்லை. எடை போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இருந்தாலும் மரவாரியாகத்தான் போட்டேன். நோட்டை நாளை பஸ்ஸில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் தின்றதையும் ஏற்றியிருக்கிறேன்.