திண்டிவனத்தில் நான் எண்ணாத மூன்று

விழுப்புரம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அப்பாதுரை அவர்களின் சமூகத்துக்கு, உங்களுக்கு அடுத்துப் பிறந்த கலையரசி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் இவரும் மாடியில் காயும் மல்லாட்டையும், அதாவது உங்கள் வேர்க்கடலையும், சுகம். அங்கே ஓசூரில் உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிவிடுவீர்கள். அதனால்தான் பதிவுத் தபால். என் பிறந்தநாளுக்கு நீங்கள் அந்தக் குழுவில் போட்ட வாழ்த்தை நான் மறக்கவில்லை. "தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள் சூப்பர் ஹீரோ படக்கதை படிப்பதும், எஃப்எம் டாப் டென்னுக்கு ஓட்டுப் போடுவதும், டி.வி.யில் குஸ்தி பார்த்துக் கத்துவதும் குடும்பத்துக்கு அழகல்ல, எல்லாம் டிராமா, பல்லாண்டு வாழ்க" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே நம் சொந்தபந்தம் மொத்தமும் வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் நான் ஜெயித்துவிட்டேன்.

முதலில் படக்கதை. போன வருஷம் என் நாயகன் இடிக்கரன் உடைந்த அணையோடு அடித்துக்கொண்டு போனபோது நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உண்மை. நீங்கள் போன் செய்து, துக்கம் விசாரிப்பது போல, "எடுத்தாச்சா?" என்று கேட்டீர்கள். அவன் திரும்பி வருவான் என்றேன். சிரித்தீர்கள். வந்தான், புது உடுப்போடு வந்தான். செத்தவன் எப்படி வருவான் என்று இன்னமும் கேட்கிறீர்கள். நீங்கள் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கி, மாலை போட்டு, பிரியாணி போட்டு, அழுது அனுப்பி வைத்த பிறகு, மறு மாதமே ஆலோசகர் என்று அதே நாற்காலியில் போய் உட்காரவில்லையா? அதைப் பார்த்து நான் சிரித்தேனா?

அடுத்தது பாட்டு. டாப் டென்னில் முதலிடத்தில் இருப்பது எப்போதும் கல்யாண மண்டபத்துக்கான பாட்டு. ஆறாவது ஏழாவது இடத்தில் கிடப்பதுதான் பாத்திரம் தேய்க்கும்போது வாயில் வருகிற பாட்டு. வருஷம் முழுக்கக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம், பாத்திரம் தேய்க்கிறவர்கள் நிறைய. ஆகவே ஏழாவது பாட்டை மேலே ஏற்றுவது என் கடமை. போன வாரம் அது ஐந்துக்கு வந்துவிட்டது. இவருடைய போனிலிருந்தும் ஓட்டுப் போட்டேன், அவருக்குத் தெரியாது.

குஸ்திக்கு வருகிறேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்த காலமெல்லாம் அடிபட்டு வந்தவர்களுக்குத்தான் நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அடித்தவன் ஒருத்தனும் என் வார்டுக்கு வந்ததில்லை. அவன் வெளியே நல்லபடியாக டீ குடித்துக்கொண்டிருப்பான். குஸ்தியில் மட்டும்தான் அடித்தவனும் ஒருநாள் மல்லாந்து விழுகிறான். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. இது டிராமா என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

நிற்க. விழுப்புரம் டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாபெரும் மல்யுத்தம், 'செஞ்சிப் புயல்' எதிர் 'கிரானைட்' கோகுலகிருஷ்ணன், தோற்றால் புயலின் முகமூடி கழற்றப்படும் என்று போட்டிருந்தது. இந்தச் செஞ்சிப் புயல் பச்சை முகமூடி போட்ட நல்லவன். சுற்றுவட்டாரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. கிரானைட் கெட்டவன், சாமான் எடுத்து அடிப்பான். நான் இவரைக் கிளப்பினேன். "கலை, அவ்ளோ தூரம் எதுக்கு" என்றார். மண்டபத்தில் போண்டா உண்டு என்றேன், சட்டை மாற்றிக்கொண்டார். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாரோ ஒரு கோழியை வைத்துவிட்டு வழியிலேயே இறங்கிவிட்டார்கள், பிறகு ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள், போய்ச் சேர்ந்தால் போண்டா தீர்ந்திருந்தது. கோதாவை மண்டபத்து மேடையை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். முதல்நாள் வரவேற்பின் தெர்மாக்கோல் இதயம் பின்னால் அப்படியே தொங்கியது. அதன் கீழே முதல் ஜோடி மோதியது. மோதியதில் ஒருத்தன் தவறி நடுவர் மேலே விழுந்தான், நடுவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏற்பாட்டாளர் தென்னரசு மைக்கைப் பிடித்தார். "யாராச்சும் டாக்டருங்க இருந்தா ஜல்தி மேல வாங்க" என்றார். டாக்டர் இல்லை, நான் இருந்தேன். பார்த்தேன், எலும்பு நன்றாக இருந்தது, சுளுக்கு, வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் துண்டாலேயே கட்டுப் போட்டுக் காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, இனி இவர் நிற்கக் கூடாது என்றேன். தென்னரசுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெஃப்ரி இல்லாம மெயின் மேட்ச் எப்டிம்மா பண்றது? ஜனம் சேரைத் தூக்கி அடிக்கும். பெரிய பேஜாரு ஆய்டும்."

"நான் நிக்கிறேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"ரூல்ஸ் தெரியுமாம்மா?"

"உங்க ஆளுங்க இதுவரைக்கும் மீறின ரூல்ஸ் எல்லாம் வரிசையா சொல்லட்டுமா?"

நடுவரின் கோடு போட்ட சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டேன். கீழே இருந்து இவர், "கலை, கடைசி பஸ் போய்டும்" என்றார். அதற்குள் தென்னரசு என் காதருகே வந்து, "அம்மா, ஒரே ஒரு விஷயம். இன்னைக்கு கோகுல்தான் ஜெயிக்கணும், புயலோட முகமூடி வந்துடணும். பேசி வெச்சிக்கினுதான் பண்றோம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க. நான் துண்டை உதறினா நீங்க குனிஞ்சி ஷூ லேஸ் கட்டுங்க, அது போதும்" என்றார். நான் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அண்ணா, நீங்கள் டிராமா என்று எழுதியது அப்போது ஞாபகம் வந்தது.

மோதுகிறவர்களின் நகத்தைப் பார்ப்பது நடுவர் வேலை. பார்க்கப் போனேன். மணமகள் அறையில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், செஞ்சிப் புயல் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வானூர்ப் பக்கத்துப் பையன், பிரான்சிஸ் என்று பேர், கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். நகத்தில் நீலம் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"என்னப்பா, வலியா?"

"இல்லம்மா. எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு பேரு மலர்விழி. ஞாயித்துக்கெழமைல ஓவர்டைம் போறேன்னு அவங்க வீட்ல சொல்லிக்கினு இருக்கேன். கோதாவுல குதிக்கிறவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா? இப்ப பாத்தா மாமியாரு லட்சுமியம்மா மூணாவது வரிசைல உக்காந்துக்கினு இருக்காங்க. முகமூடிய கழட்டினா எல்லாம் முடிஞ்சிதும்மா."

"அப்ப தோக்கறதுக்கு ஏன் ஒத்துக்கின?"

"தென்னரசு அண்ணன் சொல்லிட்டாரு. பேசினது பேசினதுதானேம்மா" என்றான்.

 நகம் வெட்டிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மோதல் தொடங்கியது. பையன் நன்றாகச் செய்தான் அண்ணா. கயிற்றின் மேல் ஏறிக் குதித்ததில் ஜனம் எழுந்து நின்றது. பிறகு தென்னரசு துண்டை உதறினார். நான் காலைப் பார்த்தேன். நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு, அதில் லேஸ் கிடையாது. ஆகவே குனியவில்லை. கிரானைட் சமையல்கட்டிலிருந்து வந்த அண்டா மூடியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான், நான் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன அது?"

"அண்டா மூடிங்க" என்றான்.

"கீழ வை."

"அந்தப் பக்கம் திரும்புங்கம்மா, பேசி வெச்சிருக்கு."

"என்கிட்ட யாரும் பேசல."

அவன் என்னைச் சுற்றிப் போய்ப் புயலின் முதுகில் மூடியால் அடித்தான். சத்தம்தான் பெரிது, அடி அவ்வளவு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் பேசினபடி பையன் விழுந்தான். கிரானைட் அவன் மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மண்டியிட்டுத் தரையில் தட்டி ஒன்று என்றேன். இரண்டு என்றேன். மூன்று எண்ணிவிட்டால் பையன் தோற்றான், முகமூடி போய்விடும். மூன்றாவதற்குக் கையைத் தூக்கினேன். முகமூடி ஓட்டை வழியாகப் பையனின் கண் என்னையே பார்த்தது. கையை இறக்க முடியவில்லை. அந்தக் கையைத் திருப்பி வாசல் பக்கம் நீட்டினேன். வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஒரு குரல் கொடுப்பேனே, உங்களுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தபோது உங்கள் மேனேஜரையே வெளியே அனுப்பின குரல், அதே குரலில், "சாமான் எடுத்து அடிச்ச. ஆட்டத்துல இருந்து நீக்கியாச்சு. வெளிய போ" என்றேன்.

கிரானைட் எழுந்தான். இரண்டு ஆள் உயரம். என் மேல் கை வைப்பானோ என்று இவர் நாற்காலியை விட்டு எழுந்ததைப் பார்த்தேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வேகமாக எழுந்ததில்லை. கிரானைட் என்னை உற்றுப் பார்த்தான். "சிஸ்டர், எனக்கு நாய்க்கடி ஊசி போட்டது நீங்கதானே?" என்றான். ஆமாம் என்றேன். மூடியை என் கையில் கொடுத்துவிட்டுக் கோதாவை விட்டு இறங்கிப் போனான். நான் செஞ்சிப் புயலின் கையைத் தூக்கினேன்.

அண்ணா, அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. நாற்காலி மேல் ஏறினார்கள், தெர்மாக்கோல் இதயம் கழன்று விழுந்தது, யாரோ என் கழுத்தில் முதல்நாள் மாலையைப் போட்டார்கள், பாதி வாடியிருந்தது. கூட்டமே "நர்ஸம்மா, நர்ஸம்மா" என்றது. மூன்றாவது வரிசையில் லட்சுமியம்மாள் மட்டும் கை தட்டவில்லை, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு மெல்ல வந்து, "உங்க வீடு எங்கங்க?" என்று மட்டும் கேட்டு விலாசம் வாங்கிக்கொண்டார்கள். தென்னரசு முதலில் தலையில் கை வைத்தார், பிறகு ஜனம் என்னைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். அங்கேயே, அடுத்த மாதம் வானூரில் இதே இருவரும் முகமூடிக்காக மறுபடி மோதுவார்கள், அதற்கும் நான்தான் நடுவர் என்று மைக்கில் சொல்லிவிட்டார். பிரான்சிஸ் முகமூடியோடே வந்து என் காலில் விழுந்தான். திரும்பும்போது கண்டக்டர் எனக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தார். இவர் விழுப்புரத்தில் இறங்கும்போது, "சட்டை உனக்கு நல்லாதான் இருந்திச்சி" என்றார்.

டிராமா என்றீர்களே. டிராமாதான், ஒத்துக்கொள்கிறேன். எழுதி வைத்த முடிவை எழுந்து நின்று மாற்ற முடிகிற டிராமா. ஒரு பையனின் முகத்தையும் ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் உங்கள் தங்கை காப்பாற்றியிருக்கிறாள். இதை நீங்கள் குழுவில் போடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

மற்றபடி அண்ணிக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியும் இடிக்கரனின் பழைய இதழ்கள் நான்கும் தனிப் பார்சலில் வருகின்றன. உங்கள் ஆசீர்வாதம் எனக்கு என்றைக்கும் வேண்டும், கருத்து வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
கலையரசி (கோதா நடுவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லட்சுமியம்மாள் வந்தார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று காபி போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏங்க, இப்டிப் பண்ணிட்டீங்களே" என்றார்கள். பிரான்சிஸ்தான் செஞ்சிப் புயல் என்று அவர்களுக்கு நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரியுமாம். "முகமூடி மூஞ்சிக்குத்தானே, நடைக்கு இல்லியே" என்றார்கள். புயலின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறவர்களாம், பெண் கொடுத்ததே அதற்காகத்தானாம். அவன் வெட்கப்பட்டு மறைக்கிறானே என்று, முகமூடி கழன்றதும் ஊர் பார்க்க மாலை போட்டு, இவன்தான் என் மருமகன் என்று மைக்கில் சொல்லத் தென்னரசிடம் பேசி அந்த முடிவை ஏற்பாடு செய்ததே அவர்கள்தானாம். சம்பங்கி மாலையைப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் காத்திருந்தார்களாம்.  காபியை ஆற்றிக் கொடுத்தேன். ஆகவே மேலே எழுதியதை எங்கும் போட வேண்டாம், பையனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வானூருக்கு நீங்களும் அண்ணியும் கட்டாயம் வரவும். லட்சுமியம்மாள் புது மாலைக்குச் சொல்லிவிட்டார்கள். அங்கே நான் மூன்று வரைக்கும் எண்ணுவேன்.