தசமி எந்தக் கிழமை?

காசிமேடு,
புதன்கிழமை (என்றுதான் நினைக்கிறேன்)

சம்பந்தி ஆகப்போகிற திருவொற்றியூர் கோதண்டம் அவர்களுக்கு, விசைப்படகு டிரைவர் எத்திராஜ் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், மனைவி கோவிந்தம்மா, மகள் சினேகா மூவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை வெற்றியும் நலமாயிருக்க வடிவுடையம்மனை வேண்டுகிறேன். நீங்கள் போனை எடுக்காததால் கடிதம்.

நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வரவில்லை என்று கோபப்பட்டீர்கள். சத்தியமாக வந்தோம், மறுநாள். “தசமி அன்னிக்கு வந்துடுங்க” என்றீர்கள். என் வீட்டு நாட்காட்டி வியாழக்கிழமைத் தாளில் தசமி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நீங்களோ புதன்கிழமையே பந்தல் போட்டுக் காத்திருந்தீர்கள். விசாரித்தால், புதன் காலை பத்தே முக்காலுக்கே நவமி முடிந்து தசமி வந்துவிட்டதாம், வியாழன் காலை ஒன்பதுக்குப் போய்விட்டதாம். சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதைத்தான் நாள் முழுவதற்கும் போடுவார்களாம், இதை யார் எனக்குச் சொன்னார்கள்? நாங்கள் பதினொரு மணிக்குத் தட்டோடு வந்து நின்றது ஏகாதசியில். சம்பந்தியம்மா விரதம், எங்களுக்கு ஒரு வாய் காபிகூட இல்லை.

அடுத்து உங்கள் ஜோசியர் நிச்சயதார்த்தத்துக்கு மறுபடி வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரை என்று குறித்தார். நாங்கள் படகுக்காரர்கள். ரெண்டு மணிக்கு ஐஸ் ஏற்றும்போதே எங்களுக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். மேளத்தோடு வந்து கதவைத் தட்டினோம். நீங்கள் லுங்கியை இறுக்கிக்கொண்டே, “இன்னா எத்திராஜ், சூரியனே வரல, இன்னும் வியாயக்கெயமதான் ஓடிகினு கீது! வெள்ளிக்கெயம விடிகாலைன்னா நாளைக்கு!” என்று கத்தினீர்கள். நாளைக்குச் சனிக்கிழமையாச்சே என்று நான் கேட்டது தப்பா? “இன்னொரு வாட்டி பேஜார் பண்ணா வேற எடம் பாத்துக்கினு போறேன்” என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். அன்று முழுக்க என் மகள் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பிறகு நாட்காட்டியை நானே படிக்க ஆரம்பித்தேன். ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் எல்லாம் கழித்தால் பல் தேய்க்கத்தான் நேரம் மிஞ்சுகிறது. இந்த ஆனியில் இரண்டு அமாவாசை, ஆகாதாம். அடுத்தது ஆடி, அதுவும் ஆகாது. ஆகவே ஆவணியில் ஒரு நாள் குறியுங்கள். ஆங்கிலத் தேதி, கிழமை, கடிகார மணி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். முந்தின நாளே வந்து உங்கள் வாசலில் படுத்துக்கொள்கிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு நூறு வயசு ஆசீர்வாதம்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
எத்திராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சினேகா கழுத்தில் மாலையோடு உள்ளே வந்தாள், பின்னால் உங்கள் வெற்றி. பன்னிரண்டரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாயிற்றாம். “இன்னிக்கு அஷ்டமி நைனா, அதுல ராகு காலம் வேற. ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல, பத்து நிமிசத்துல முட்ச்சிட்டாங்க” என்கிறாள். சாட்சி யார் என்று அதட்டினேன். ஒரு கையெழுத்து என் கோவிந்தம்மா. இன்னொன்று யாருடையது என்று தாங்கள் சம்பந்தியம்மாவையே கேட்டுக்கொள்ளவும்.