அப்புக்காத்தரும் சில்லு வைச்ச வீடும்

ஒஸ்லோத் தமிழ்ச் சனத்துக்குள்ள சட்டமே படிக்காமல், ஒரு வழக்கிலையும் தோக்காமல் இருந்த ஆள் எண்டால் அது ஒருத்தர்தான். அவருக்குச் சொந்தப் பேர் ஒண்டு இருந்தது, தபால்பெட்டியிலை எழுதியும் கிடந்தது. ஆனா ஒஸ்லோவிலை ரொம்மன் பக்கம் இருக்கிற எங்கட தொடர்மாடியிலை ஆரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரிலை வக்கீலை அப்புக்காத்து எண்டு சொல்லுவமெல்லே, அதுதான் எங்களுக்கு அவற்ற பேர். அப்புக்காத்தர். பாத்த வேலை என்னெண்டால், ஒரு ஹொட்டல் குசினியிலை இருபத்தெட்டு வருசம் சட்டி பானை கழுவினது.

எங்கட கட்டிடத்திலை பல்கனியிலை கரியடுப்பு மூட்டக்கூடாதெண்டு ஒரு விதி. மனுசன் என்ன செய்தது? மின்சார அடுப்பைக் கொண்டுபோய்ப் பல்கனியிலை வைச்சு, இரண்டு கிலோ செத்தல் மிளகாயை வறுத்தது. ஏழாம் மாடி வரைக்கும் இருந்த சனம் இருமிக்கொண்டு கீழை ஓடிவந்திட்டுது. தீயணைப்புக்காரரும் வந்தாச்சு. இவர் விதிப் புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, இதிலை கரி எண்டுதான் கிடக்கு, கரி எங்கை காட்டுங்கோ எண்டு நோர்வே மொழியிலை அவையிட்டைக் கேட்டார். வந்தவை கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஓமெண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். அதுக்குப் பிறகு விதியிலை மிளகாய்க்கெண்டு தனியா ஒரு வரி சேர்த்தினம்.

இந்த மனுசனோட முப்பத்தைஞ்சு வருசம் குடும்பம் நடத்தின ராணியக்காவுக்குக் கோயில்தான் கட்டவேணும். அவ வாதாடவே மாட்டா. எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லிப்போட்டு, தான் நினைச்சதைச் செய்வா. அவவோட மட்டும் அப்புக்காத்தற்ற சட்டம் எடுபடாது.

ஆனா ஒரே ஒரு வழக்கிலை மனுசன் வசமா மாட்டுப்பட்டுப் போச்சு. அது தனக்கெதிராத் தானே போட்ட வழக்கு. மகன் சுதன் துரொண்ட்ஹைமிலை படிச்சு, அங்கையே வேலையும் எடுத்து, கோயம்புத்தூரிலையிருந்து வேலைக்கு வந்த கவிதா எண்ட பிள்ளையை விரும்பி, தேப்பனுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் கலியாண எழுத்தை முடிச்சுப்போட்டான். பெட்டையிலை இவருக்கு ஒரு குறையும் இல்லை. தன்னைக் கேக்கேல்லை எண்டதுதான் குற்றச்சாட்டு. டெலிபோனை எடுத்து, "உன்ர வீட்டு வாசல் நான் மிதிக்கமாட்டன். இது சத்தியம்" எண்டு சொல்லி வைச்சிட்டார். அவனும் இவற்ற பிள்ளைதானே. அப்பா என்ர வீட்டை வந்தபிறகுதான் நான் ஒஸ்லோவுக்கு வருவன் எண்டு அவனும் சொல்லிப்போட்டான்.

ஆறு வருசம் போச்சு. அங்கை ஆதிரை எண்டு ஒரு பேத்தியும் பிறந்து நாலு வயசாச்சு. ராணியக்கா ரயிலேறிப் போய்ப் போய்ப் பாத்திட்டு வருவா. ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை முகம் பாத்துக் கதைப்பினம். அப்ப இவர் கமெராவுக்குத் தெரியாத பக்கமாக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் பாக்கிறமாதிரி இருப்பார். பேப்பர் தலைகீழாக்கூட இருக்கும். பேத்தி பாடத் தொடங்கினால் இவற்ற கால் மட்டும் ஆடும். நான் ஒருநாள் பொறுக்கேலாமல், போய்ப் பாருங்கோவன் அண்ணை எண்டு சொன்னன். சத்தியத்துக்கு அப்பீல் இல்லைப் பிள்ளை எண்டார். ஊர் முழுக்கச் சட்டத்திலை ஓட்டை கண்டுபிடிச்ச மனுசனுக்குத் தன்ர வாயாலை சொன்ன ஒரு வசனத்திலை ஓட்டை கண்டுபிடிக்க ஏலேல்லை. எனக்கு உண்மையிலை பாவமாக் கிடந்தது.

போன கோடையிலை ஓட்டை அம்பிட்டிட்டுது. பக்கத்திலை லோறென்ஸ்கூக் எண்ட ஊரிலை ஒரு பென்சன்காரரிட்டை ஒரு பழைய பூபிலை வாங்கிக்கொண்டு வந்து எங்கட கட்டிடத்துக்கு முன்னாலை நிப்பாட்டினார். பூபில் எண்டால் படுக்க, சமைக்க, குளிக்க எல்லாத்துக்கும் வசதியுள்ள வீட்டு வான். இந்த வயசிலை இவருக்கு என்ன விசரோ எண்டு சனம் கதைச்சுது. நான் போய்க் கேட்டன்.

"பிள்ளை, நான் என்ன சத்தியம் பண்ணினனான்? அவன்ர வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டன் எண்டு. அவங்கள் என்ர வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதெண்டு சொன்னனானோ? அவங்கள் இஞ்சை வரமாட்டாங்கள். சரி. என்ர வீடு அங்கை போகும்."

இதை யோசிச்சுக் கண்டுபிடிக்க மனுசனுக்கு ஆறு வருசம் பிடிச்சிருக்கு.

அது வீடெண்டு ஆகவேணுமெண்டால் குடிபூரல் செய்யவேணுமெல்லே. கார் நிப்பாட்டுற இடத்திலை ஐயரைக் கொண்டுவந்து நிப்பாட்டினார். ஐயர் வானைச் சுத்திப் பாத்திட்டு, இது வீடோ வாகனமோ எண்டு கேட்டார். வீடெண்டால் பால் காய்ச்சவேணும், வாகனமெண்டால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்கவேணும். இவர் இரண்டையும் செய்யச் சொன்னார். பால் பொங்கி அடுப்பிலை ஊத்துப்பட்டு, புகை கிளம்பி, வானுக்குள்ள இருந்த புகைமணி அலறத் தொடங்கிச்சு. ஐயர் அதுக்கு மேலாலை மந்திரம் சொன்னார். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு நோர்வேக்கார மனிசி நிண்டு பொங்கல் புக்கை வாங்கிச் சாப்பிட்டிட்டு, புது வீட்டுக்கு வாழ்த்துக்கள் எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கினா. அவவின்ர வாயாலை வீடெண்டு வந்ததிலை இவருக்கு வலு சந்தோசம்.

நான் முதியோர் இல்லமொண்டிலை தாதி. என்னட்டை ஒரு கிழமை லீவும் லைசென்சும் இருந்தது. ராணியக்கா என்ர கையைப் பிடிச்சு, இந்த மனுசன் மத்தியானம் சோறு திண்டால் ஸ்டியரிங்கிலையே நித்திரை கொள்ளும், நீயும் வா பிள்ளை எண்டா. அப்பிடித்தான் நான் இந்தக் கோதாரிக்குள்ள போய் விழுந்தது.

துரொண்ட்ஹைம் ஐந்நூறு கிலோமீற்றர். முதல் நாள் நாங்கள் ஓடின தூரம் கால் மணித்தியாலம். லோறென்ஸ்கூக்கிலை கலியாணம் கட்டியிருக்கிற இவற்ற மகள் வீட்டடியிலை நிப்பாட்டியாச்சு. மகளிட்டைப் போகாமல் மகனிட்டைப் போனால் அது தனி வழக்காகுமாம். அங்கை இரண்டு பேரப் பெடியங்களும் வானுக்கை ஏறி, கட்டிலிலை துள்ளி, தண்ணித் தாங்கியைத் திறந்துவிட்டு, எல்லாத்தையும் நனைச்சுப்போட்டாங்கள். அடுத்த நாள் லில்லஹாமரிலை ராணியக்காவின்ர தம்பி வீடு. மச்சானும் மனிசியும் சோறு கறி சமைச்சு வைச்சுக்கொண்டு உள்ளுக்கு வரச்சொல்லிக் கெஞ்ச, இவர் தன்ர வீட்டிலைதான் பந்தி எண்டு நிண்டார். மகன் வீட்டை போகாதவர் மச்சான் வீட்டை போய்க் கை நனைச்சால் நாளைக்கு மகன் என்ன நினைப்பான் எண்டது வாதம். ஒம்பது பேர் அந்த வானுக்குள்ள ஏறியிருந்து சாப்பிட்டம். ஒராளின்ர முழங்கை மற்றாளின்ர குழம்புக்குள்ள கிடந்தது.

றோட்டிலை இவற்ற ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நல்லது, ஆனா விடமாட்டன். எண்பதிலை ஓடலாம் எண்டு போட்டிருந்தால் இவர் எழுபதிலை ஓடுவார். எண்பது எண்டது உச்சம், கட்டாயமில்லை எண்டு விளக்கம் வேறை. பின்னாலை கார்கள் மலையடிவாரம் வரைக்கும் வரிசையா வந்துது. முந்திப்போனவையெல்லாம் எங்களைப் பாத்துச் சொன்னதைக் கண்ணாடி மறைச்சது நல்லதாப் போச்சு.

சுதன்ர வீடு ஒரு சின்ன மேட்டிலை இருந்தது. கவிதா வெளியிலை வந்து, வீட்டுக்குப் பக்கத்திலை கார் விடுற இடத்தைக் காட்டிக் கையாட்டினா. இவர் றோட்டிலையே நிப்பாட்டினார். அது அவன்ர காணியாம். போனிலை நகரசபையின்ர காணிப் படத்தைத் திறந்து எல்லையைப் பாத்தால், முன் சில்லு ஒரு சாண் உள்ளுக்கு நிக்குது. என்னை இறக்கிப் பின்னாலை நிண்டு கைகாட்டச் சொன்னார். நான் 'வா, வா' எண்டு கத்தின கத்திலை அந்த வீதி நோர்வேக்காரர் முழுக்க யன்னலுக்கு வந்திட்டினம். மேல் யன்னலிலை சுதனும் நிண்டான். தேப்பனும் மகனும் ஒருக்கா ஒராளையொராள் பாத்தினம். பேந்து இரண்டு பேரும் ஒரே நேரத்திலை முகத்தைத் திருப்பிச்சினம். அந்தத் திருப்பினதிலையே தெரிஞ்சுது, இது ஆற்ற பிள்ளையெண்டு.

"மாமா, உள்ள வாங்க. காபி போட்டிருக்கேன்" எண்டா கவிதா.

இல்லைப் பிள்ளை, நீங்கள் இஞ்சை வாங்கோ, இதுதான் எங்கட வீடு எண்டு இவர் வான் கதவிலை நிண்டு சொன்னார். கவிதா உள்ளுக்குப் போய்க் கோப்பித் தட்டத்தையும் பிள்ளையையும் கொண்டுவந்து, வான் படியிலை வலது காலை எடுத்து வைச்சு ஏறினா. புது மருமகள் மாதிரி. எங்கட அப்புக்காத்தர் விதி ஒண்டும் கதைக்காமல் ஒதுங்கி வழிவிட்டார். நான் அண்டைக்குத்தான் அதை முதல்முறையாக் கண்டது.

ஆதிரை அவரை மேலையும் கீழையும் பாத்தாள். பிறகு, "நீங்கதானே போன்ல கால் ஆட்டுற தாத்தா?" எண்டு கேட்டாள். எங்கட ஆக்கள் தேப்பன்ர தேப்பனை அப்பப்பா எண்டெல்லே சொல்லுறது. இவர் இனி அதுக்கு ஒரு விளக்கம் குடுக்கப்போறார் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். மனுசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஓமம்மா, தாத்தாதான் எண்டுது.

பிள்ளை வந்தாள். மருமகள் வந்தா. சுதன் வரேல்லை. நான் அவன்ர வீட்டிலை குளிக்கப் போன நேரம் அவனைப் பிடிச்சு ஏசினன். அவன் அமைதியாச் சொன்னான்: "அவருக்கு றோட்டிலை நிக்க ஏலுமெண்டால் எனக்கு வீட்டுக்குள்ள நிக்க ஏலும், அக்கா. ஒரு படிதானே. ஏறிவரட்டும்." ஒராளுக்கு ஒரு படி ஏற ஏலாது, மற்றாளுக்கு ஒரு படி இறங்க ஏலாது. ஆனா சுதன் தன்ர கையாலை சொதி வைச்சுக் கவிதாவிட்டைக் குடுத்துவிட்டான். இவர் சட்டியை வழிச்சுக் குடிச்சுப்போட்டு, உப்புக் காணாது எண்டு சொல்லியனுப்பினார். அடுத்தநாள் சொதியிலை உப்பு அளவா இருந்தது. இரண்டு நாளும் தேப்பனும் மகனும் கதைச்சது அவ்வளவுதான்.

மூண்டாம் நாள் மழை. விடிஞ்சால் நாங்கள் வெளிக்கிடவேணும், எனக்கு வேலை. ராணியக்கா வெங்காயம் உரிக்கிற சாட்டிலை அழுதுகொண்டிருந்தா. தேப்பனும் மகனும் முகம் குடுத்துக் கதைக்காமலே திரும்பப்போறம் எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும். ஆதிரை தாத்தாவின்ர மடியிலை இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவள், திடீரெண்டு இறங்கி நிண்டு, "தாத்தா, உச்சா வருது" எண்டாள்.

வானுக்குள்ள கழிப்பறை இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு. அதுக்குள்ள ஒரு மூட்டை சம்பா அரிசி, இரண்டு பலாப்பழம், மகனுக்கெண்டு இடிச்ச மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் கூரை முட்ட அடைஞ்சு கிடந்தது. நானும் ராணியக்காவும் சுதன் வீட்டை போய்வருவம், இவர் சந்தியிலை பெற்றோல் நிலையத்துக்கு நடப்பார். இறக்கி முடிக்க அரை மணித்தியாலம் வேணும். பிள்ளை காலை மாத்தி மாத்தித் துள்ளுறாள். அப்புக்காத்தர் கழிப்பறைக் கதவைத் திறந்தார், மூட்டையைப் பாத்தார், பிள்ளையைப் பாத்தார். அப்பிடியே அவளைத் தூக்கிக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு மழைக்குள்ள பாய்ஞ்சு ஓடினார். ராணியக்கா, இஞ்சாருங்கோ எண்டு வாயெடுத்தா. நான் அவவின்ர வாயைப் பொத்தினன்.

மனுசன் றோட்டைத் தாண்டி, புல்லைத் தாண்டி, படியேறி, கதவைத் தோளாலை தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போட்டுது. பிறகு உள்ளுக்கிருந்து அவற்ற குரல் றோட்டு வரைக்கும் கேட்டுது.

"தம்பி, இவளுக்கு மாத்துச் சட்டை எங்கை கிடக்கு?"

"மேலை அலுமாரியிலை, அப்பா. நில்லுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்."

பிறகு அப்புக்காத்தர் வாசலுக்கு வந்தார். நிலத்தைப் பாத்தார். கழுவித் துடைச்ச பலகை முழுக்க அவற்ற சப்பாத்துச் சேறு. அப்பதான் தான் எங்கை நிக்கிறன் எண்டு மனுசனுக்கு விளங்கியிருக்கவேணும். அப்பிடியே படிக்கு வெளியிலை வந்து நிண்டார். நானும் ராணியக்காவும் வான் யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தம். அவர் சொல்லப்போற வாதம் எல்லாம் எனக்குத் தெரியும். அவசரத்துக்கு ஓடினது கணக்கிலை வராது. பிள்ளைதான் தன்னைக் கொண்டுபோனது. மிதிச்சது சப்பாத்து, கால் இல்லை. இதிலை ஒண்டே போதும், வழக்கிலை வெண்டு வானுக்குத் திரும்பி வந்திடலாம்.

அவருக்குப் பின்னாலை சுதன் வந்து நிண்டான். ஒரு கையிலை பிள்ளையின்ர ஈரச் சட்டை.

அப்புக்காத்தர் மழைக்குள்ளயே படியிலை குந்தினார். இரண்டு சப்பாத்தையும் கழட்டினார், காலுறையையும் கழட்டினார். எழும்பி, வெறுங்காலோட ஒரு வாதமும் சொல்லாமல் மகன்ர வீட்டுக்குள்ள போனார். சுதன் கதவைச் சாத்தினான்.

ராணியக்கா வெங்காயத்தை விட்டிட்டு வடிவா அழுதா. நானும் சேர்ந்துதான் அழுதன், சொல்லுறதுக்கென்ன வெக்கம்.

அப்புக்காத்தரும் ராணியக்காவும் ஒரு மாசம் அங்கையே நிண்டிட்டினம். நான் அடுத்தநாள் ரயிலிலை தனிய ஒஸ்லோவுக்கு வந்தன். நல்ல இருக்கை, சூடான கோப்பி, யன்னலுக்கு வெளியிலை ஆறு. ஆனா ஏழு மணித்தியாலமா ஒருத்தரும் என்னோட வாதாடேல்லை. பாதி வழி வரமுதலே எனக்கு அந்த மனுசனைப் பாக்கவேணும்போலை வந்திட்டுது.