பேஸ் கிதாரும் திருநீறும் என் உள்ளங்கையும்

இறைவன் எனக்கு அளித்த உறுப்புகளுள் நன்றி மறந்தது எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல் உள்ளங்கை என்பேன். கண் மங்கியது, அது வயதின் பிழை. செவி மந்தமாயிற்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவனுக்கு அது இயல்பு. ஆனால் இந்த உள்ளங்கைகளுக்கு எந்தச் சாக்கும் இல்லை. வைகை வெறும் மணலாகக் கிடக்கும் ஆண்டிலும், நான்கு பேர் என்னை உற்றுப் பார்த்தால் போதும், இவை இரண்டும் ஊற்றெடுத்துவிடும்.

அன்பு மிகுந்தால் கண் பெருகும், மெய் நடுங்கும், நாத் தழுதழுக்கும் என்று அடியார்கள் பாடி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை ஒழுகும் என்று ஒருவரும் ஒரு வரிகூடப் பாடவில்லை. (பாடியிருந்தால் எனக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.)

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பேசாமல் வீட்டில் உட்கார்ந்து பதிகம் படித்திருக்கலாம். நானோ ஓய்வு பெற்ற மறு ஆண்டு பேஸ் கிதார் கற்கப் புகுந்தேன். காரணம் சுப்புராமன். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் ஜவுளிக்கடை நடத்தி, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கீபோர்டு வாசிக்க வந்த என் நண்பர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். வெளியில் நம் மதுரைத் தமிழ். பதிகங்களை இக்காலக் கருவிகளோடு பாடினால் கேட்க ஆள் வரும் என்பது அவர் கொள்கை. பாடுவதற்கும் தபேலாவுக்கும் ஆள் அமைந்துவிட, எஞ்சியிருந்தது பேஸ் ஒன்றுதான். “நாலே கம்பிதான் சார். நீங்க பாட்டுக்குத் தும் தும்முனு போட்டுக்கிட்டே இருங்க” என்றார். நான்கு மறை, நான்கு கம்பி என்று நானும் ஏதோ பொருத்தம் கண்டு உருகிவிட்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் பயிலும்போது கைகள் பட்டுப்போல் உலர்ந்திருந்தன. திருப்பரங்குன்றத்தில் ஒரு புதுமனை புகுவிழாவில் முதன்முதலாக நாற்பது பேர் முன்னால் நின்றபோதுதான் அவை தம் குணத்தைக் காட்டின. பேஸ் கிதாரின் கம்பி கொடிக்கயிறு போலத் தடித்தது. இடக்கை விரலால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்; வலக்கை விரலால் மீட்ட வேண்டும். அழுத்திய விரல் வழுக்கி இரண்டு கட்டை தள்ளிப் போய் நின்றது. மீட்டப் போன விரல் கம்பியை விட்டு நழுவி மரத்தைத் தட்டியது. பாடகர் ஒரு சுருதியில் இறைவனை அழைக்க, நான் வேறொரு சுருதியில் வேறு யாரையோ அழைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த அறிவுரைகளை எண்ணினால் இப்போதும் எரிச்சல் மூள்கிறது. வியர்க்காத கை உடையவர்கள் அனைவரும் வியர்வைக்கு வைத்தியர்கள். ஆறிய தேயிலை நீரில் கையை ஊற வைக்கச் சொன்னார் ஒருவர். பத்து நாள் ஊற வைத்ததில் வியர்வை நிற்கவில்லை. விரல்கள்தாம் பீடி குடிப்பவன் விரல்போல் பழுத்தன. படிகாரம் தேய்க்கச் சொன்னார் முடிதிருத்துபவர். தேய்த்தேன், தோல் வெடித்து, வெடிப்பு வழியாகவும் வியர்த்தது. “பயப்படாம இருங்க, வேர்க்காது” என்றாள் என் மனைவி கோமதி. அவள் சொன்னதைக் கேட்ட கணமே வியர்த்தது.

சுப்புராமன் மட்டும் உருப்படியாக ஒரு வழி சொன்னார். முகப்பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, மேடையில் ஏறுமுன் இரண்டு கையிலும் தட்டிக்கொண்டு, அருகில் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் மறுத்தேன். சரஸ்வதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கிய கருவி அது. அதன்மேல் ஒப்பனைப் பவுடரைக் கொட்டுவதாவது என்று அரை மணி நேரம் சொற்பொழிவாற்றினேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டு போனார். அந்த அரை மணி நேரத்தை இறைவன் கேட்டுக்கொண்டிருந்தான் போலும்.

இந்நிலையில்தான் மச்சான் வீட்டில் அந்தப் பேச்சு நடந்தது. மச்சான் என்றால் கோமதியின் அண்ணன்; உசிலம்பட்டிக்கு அப்பால் மானாவாரி விவசாயம்; ஊர் அய்யனார் கோவிலின் விழாக் குழுவுக்குத் தலைவர். அங்குப் பங்குனித் திருவிழாவில் மாலை தொடங்கி முழுநேரமும் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான். சாமி சன்னதியில் குத்துப்பாட்டா என்று பல ஆண்டுகளாக அவரை நான் அரித்து வந்தேன். அன்று சோற்றில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மாப்ள, ஒரு மணி நேரம் தாரேன். அஞ்சுல இருந்து ஆறு. சனம் கலையாம இருந்துச்சுன்னா வருசா வருசம் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான். எந்திரிச்சுப் போயிருச்சுன்னா, செத்தாலும் நீங்க இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளும்போதே கை வியர்த்தது.

திருவிழா நாள் வந்தது. பவுடர் ஆகாது என்று சொல்லியாயிற்று; வேறு வழி வேண்டுமே. அப்போதுதான் என் அறிவு ஒரு முடிவுக்கு வந்தது. திருநீறு. ஈரத்தை உறிஞ்சும், கருவிக்கு மாசில்லை, கூடவே அருளும் கிடைக்கும். பெரிய பொட்டலமாக ஒன்று வாங்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். ஓதுவாரைப்போல மேலே சட்டை இல்லாமல் துண்டு மட்டும் அணிந்து மேடை ஏறினேன். கீழே முந்நூறு பேர் இருக்கலாம். முன்வரிசையில் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு.

முதல் பதிகம் நன்றாகவே போயிற்று. கையில் அள்ளிப் பூசிய நீறு தன் கடமையைச் செய்தது. சனம் அசையாமல் இருந்தது. நான் மச்சானைப் பார்த்துச் சற்றே புன்னகைத்தேன் என்றுகூட நினைவு.

இரண்டாம் பதிகத்தில் உள்ளங்கைகள் விழித்துக்கொண்டன. நீறும் வியர்வையும் கலந்தால் என்ன ஆகும் என்று அதுவரை எண்ணிப் பார்க்காதது என் குற்றம். சுவர் பூசும் காரை ஆகும். கம்பியின் அடியில் அது படிந்து, தும் என்று ஒலிக்க வேண்டியது தொப் என்று விழுந்தது. கையைத் துடைத்தாக வேண்டும். எதில்?

இங்கேதான் நான் கற்ற கல்வியெல்லாம் ஒன்றுசேர்ந்து என் கழுத்தை நெரித்தது. திருநீற்றைத் தரையில் உதறலாமா? மிதிபடும். வேட்டியில் துடைக்கலாமா? அழுக்குத் துணியோடு சேர்ந்து ஊறும். துண்டும் அப்படியே. திருநீறு சேரத்தக்க இடம் உலகில் ஒன்றே ஒன்று; மனித உடம்பு. ஆகவே நெற்றியில் துடைத்தேன். கை உலர்ந்தபாடில்லை. மடியிலிருந்து மேலும் நீறு எடுத்தேன், மேலும் காரை, இம்முறை புயங்களில் துடைத்தேன். பிறகு மார்பில். பிறகு கழுத்தில். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டும் செய்தது போய், அடிக்கும் அடிக்கும் இடையில் செய்யலானேன். (பூசுறதும் வாசிக்கிறதும் பூசுறதுமா, ஒரு நிலைக்கு வந்துட்டேன்.)

நான்காம் பதிகத்தின்போது தலைமுதல் இடுப்புவரை வெண்மையாக நின்றேன். நெற்றியில் பூசியது வியர்வையோடு இறங்கிக் கண்ணுக்குள் புகுந்தது. கண் எரிந்தது, இறுக மூடிக்கொண்டேன். நீர் தாரை தாரையாக வழிந்தது. எரிச்சல் தாங்காமல் தலையை இருபுறமும் ஆட்டினேன். கிதாரின் வழுக்கும் கழுத்துப் பலகையை விடாமல் பிடிக்கப் பல்லைக் கடித்தேன். அச்சத்தில் வலக்கால் தானாகவே ஆடத் தொடங்கிற்று.

அந்த ஊரில் இவ்வளவும் ஓர் ஆளிடம் சேர்ந்து தோன்றினால் அதற்கு ஒரே பொருள்தான்.

முதலில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை எழுந்தது. பாட்டுக்கு மகிழ்ந்து இடுகிறார்கள் என்று எண்ணினேன். தலையை மேலும் ஆட்டினேன். குலவை பெருகியது. ஊர்வலத்துக்காக மேடைக்குப் பின்னால் காத்திருந்த உறுமிக்காரர்கள், இது தங்களுக்கான நேரம் என்று அறிந்து அடிக்கத் தொடங்கினார்கள். கருப்பு வந்திருச்சு, வாத்தியார் மேல கருப்பு வந்திருச்சு என்ற பேச்சு காதில் விழுந்தது. சனம் மொத்தமும் எழுந்து நிற்கும் அரவம் கேட்டது. சுப்புராமன் கோபம் வந்தால் சௌராஷ்டிரத்தில்தான் திட்டுவார்; எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அன்று எல்லாம் விளங்கியது.

அடுத்து என் தலைமேல் ஒரு குடம் மஞ்சள் நீர் விழுந்தது. சாமி வந்தவரைக் குளிர்விக்கும் வழக்கம். தோளில் தொங்குவது மின்சாரத்தோடு இணைந்த கருவி என்பது அய்யனாருக்குத் தெரிந்திருக்கலாம். ஊற்றிய மூதாட்டிக்குத் தெரியாது. நல்லவேளை, குடம் தூக்கியதைக் கண்டவுடனேயே ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து இணைப்பைப் பிடுங்கிவிட்டிருந்தார். மேடையில் ஒலி செத்தது. உறுமியும் நின்றது. கண்ணைக் கழுவிய புண்ணியம் அந்த நீருக்கு உண்டு, திறந்து பார்த்தேன்.

எதிரே மச்சான். கையில் எரியும் சூடத் தட்டு. எந்நாளும் என்னை ஏளனமாகப் பார்க்கும் அந்தக் கண்களில் அச்சம். குரல் தழுதழுத்தது.

“யாரு வந்திருக்கிறது? சொல்லு சாமி. ஆர்கெஸ்ட்ரா வச்சது குத்தமா?”

முந்நூறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும். ஒரு மணி நேரம் என்ன, திருவிழா முழுவதும் பதிகத்துக்கே ஆகும். பல ஆண்டு வாதம் ஒரு நொடியில் வெல்லும். மறைக்க என்ன இருக்கிறது, என் தலை அரை அங்குலம் தாழ்ந்தது. தாழ்ந்த தலையின் எதிரே கோவில் கருவறை இருந்தது. அவன் பெயரால் பொய் சொல்லிவிட்டு நாளை எந்த வாயால் பதிகம் பாடுவது?

“மச்சான், நான்தான். கை வேர்க்குது. ஒரு துணி குடுங்க.”

குடத்தோடு நின்ற மூதாட்டிதான் முதலில் பேசினாள். “கை வேர்த்ததுக்கா இம்புட்டு ஆட்டம்?”

அந்த வெளி முழுவதும் வெடித்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. மச்சான் சூடத்தை வாயால் ஊதி அணைத்தார் (அதுவும் தப்புதான், ஆனா அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல). யாரோ ஒரு பூத்துவாலை கொடுத்தார்கள். நனைந்த கிதாரை மடியில் கிடத்தி, துவாலையைப் பிடித்தபடி மேடை ஓரத்தில் அமர்ந்தேன். இணைப்பு மீண்டும் வந்ததும், மற்றவர்கள் பேஸ் இல்லாமலே எஞ்சிய பதிகங்களைப் பாடினார்கள். உள்ளதைச் சொன்னால், அவைதாம் அன்று சுருதியோடு இருந்தவை. ஆறு மணி வரை ஒருவரும் நகரவில்லை. அடுத்து நான் என்ன செய்வேன் என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

சனம் எழுந்துவிட்டது, ஆகவே தோற்றேன் என்று நானே மச்சானிடம் சொன்னேன்.

“எந்திரிச்சாக. போகலையே மாப்ள. பேச்சு பேச்சுதான், ஒரு மணி நேரம் உங்களுக்கு.” பிறகு மெல்ல, “அப்ப ஆமான்னு சொல்லியிருந்தீகன்னா மொத்தத்தையும் குடுத்திருப்பேன்” என்றார்.

ஆறு ஆண்டுகளாக அந்த ஒரு மணி நேரம் பதிகத்துக்கு உரியதாக இருக்கிறது. இப்போது கையில் பவுடர் பூசி, பக்கத்தில் துண்டு வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஆனால் கோமதியின் குடும்பத்தில் அன்று பிறந்த வழக்கு மட்டும் ஒழியவில்லை. யாரேனும் சிறிய காரியத்துக்குப் பெரிய ஆரவாரம் செய்தால், “கை வேர்க்குதாக்கும், ஒரு துணி குடுங்கப்பா” என்பார்கள். நகராத டிராக்டர் உறுமினாலும் இதுதான். ஊசிக்கு அழும் குழந்தைக்கும் இதுதான்.

சென்ற ஆவணியில் மச்சான் மகளுக்குத் திருமணம். தாலி கட்டுகையில் மணமகனின் விரல்கள் நடுங்கி, முடிச்சு விழத் தாமதமாயிற்று. பெண்கள் வரிசையிலிருந்து, “யாராச்சும் ஒரு துணி குடுங்கப்பா” என்று ஒரு குரல். கோமதியின் குரல்தான். மண்டபமே சிரித்தது. மணமகன் ஒருவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

பந்தி முடிந்ததும் அந்தப் பிள்ளை என்னைத் தேடி வந்து, “அது என்ன கதை மாமா, எல்லாரும் உங்களக் கேக்கச் சொல்றாக” என்று மரியாதையாகக் கையை நீட்டினார். சுற்றிலும் உறவினர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேறு வழியின்றி நானும் கை கொடுத்தேன்.

அவர் தம் கையை மெல்ல விடுவித்து, பட்டு வேட்டியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

“புரிஞ்சிருச்சு மாமா.”