ஐநூறு ஓடணும்

"ஒருக்கா சார்ஜ் போட்டா ஐநூறு கிலோமீட்டர் ஓடணும். ஒரு மீட்டர் குறைஞ்சாலும் வேண்டாம்!" என்று செம்பூர் எலெக்ட்ரிக் கார் கடையில் முழங்கினார் முத்துசெல்வம்.

அவர் மனைவி மகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல இருந்து குர்லா பட்டறைக்கு ஆறு கிலோமீட்டர். ஐநூறு எதுக்கு? பட்டறையை டில்லிக்கு மாத்தப் போறீயளா?"

"உங்க பழைய கார் மீட்டரைப் பாத்தேன் அங்கிள்" என்றான் விற்பனையாளன் நகுல். "மாசம் நானூத்தறுபதுதான் ஓடியிருக்கு. இருநூறு ரேஞ்ச் உள்ள சின்ன வண்டியே தாராளம்."

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

மகேஸ்வரி விரல் விட்டு எண்ணினாள். "பட்டறைக்கு முந்நூறு. மிச்சம் நூத்தறுபது எங்க ஓடிச்சு?"

"ஞாயித்துக்கிழமை மாதுங்கா கோயிலுக்குப் போறேன்லா!"

"நாலு வாரத்துக்கும் சேத்தாலும் அறுபதுதான்."

"சரக்கு பாக்க உல்லாஸ்நகர்…"

"ஒரு தடவைக்கே தொண்ணூறு ஆவுமே! அப்பவும் பத்து இடிக்கே!"

வாயைத் திறக்கத் திறக்க மாட்டிக்கொண்டார் மனுஷன். பேச்சை மாற்றினார். "சின்ன வண்டி போன எடத்துல நின்னுட்டா? நாலு பேரு பாக்க மானம் போயிராதா?"

"இப்பவே ஓட்டிப் பாருங்க அங்கிள்" என்று சாவியை நீட்டினான் நகுல்.

"ஐரோலிக்குப் போவோம்" என்றாள் மகேஸ்வரி.

ஐரோலியில் மகள் பொன்செல்வி இருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு வருஷமாக அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது முத்துசெல்வத்தின் சட்டம். மகேஸ்வரி மட்டும் திருட்டுத்தனமாகப் போனில் பேசிவிட்டு அழுவாள்.

"அவ வீட்டுக்கு எனக்கு வழியே தெரியாது!"

"வாசல்ல என்னை எறக்கிவிட்டுட்டு நீங்க வண்டியிலயே இருங்க."

முத்துசெல்வம் ஓட்ட, வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. மகேஸ்வரி போனில் விலாசத்தைத் தேடி எடுப்பதற்குள் பாலம் தாண்டி, இடது திரும்பி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வலது திரும்பி, சரியான கேட் முன்னால் போய் நின்றது. மீட்டரில் இன்னும் நூற்றெண்பது பாக்கி.

"வழி தெரியாதுன்னீயளே?"

"எலெக்ட்ரிக் வண்டில்லா… அதுவா போவுது."

கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஷ்ரவண் சலாம் வைத்துக்கொண்டே ஓடிவந்தான். முத்துசெல்வம் கண்ணைக் காட்டினார், உதட்டில் விரலை வைத்தார். அவனுக்கா புரியும்? இந்தியில் படபடவென்று பொரிந்தான்.

"இன்னிக்கு சனிக்கிழமையாச்சேன்னு நீங்க வண்டி நிறுத்துற மரத்தடியை வேற வண்டிக்குக் குடுத்துட்டேன் சேட், பொன்செல்வி தீதிகிட்ட சொல்லிடாதீங்க, 'ஞாயித்துக்கிழமை எங்கப்பா வந்து நிப்பாரு, அங்க யாரையும் விடாதே'ன்னு ரெண்டு வருஷமா அவங்கதானே இடம் பிடிச்சு வைக்கச் சொல்றாங்க!"