காணாமல் போன ஹார்ட் டிஸ்கும் நூற்றைம்பது கோஸும்

நவம்பர் பிறந்த அன்றே மெங் தல்சு ஒரு சபதம் எடுத்தான். தலையே போனாலும் சரி, இந்த வருஷம் மாமியார் வீட்டுக் கிம்ஜாங்குக்குப் போவதில்லை.

சபதத்தைக் குளியலறையில், மனைவி மிரானின் காதில் விழாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் எடுத்தான். அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சபதம் எடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

ஐந்து குடும்பம் குளிர்காலம் முழுக்கத் தின்னப்போகும் கோஸ் ஊறுகாயை, அதாவது கிம்ச்சியை, இரண்டே நாளில் போட்டு முடிப்பதற்குக் கிம்ஜாங் என்று பெயர். பெண்கள் அதைத் திருவிழா என்பார்கள். திருவிழாவில் வெட்டப்படும் ஆட்டைக் கேட்டால் அல்லவா தெரியும்!

போன வருஷம் மாமியார் ஊரான க்வெசானில் காரை விட்டு இறங்கியதுதான் தாமதம், மாமியார் அவனுக்கு எலாஸ்டிக் வைத்த பூப்போட்ட கால்சட்டை ஒன்றை மாட்டினாள். கையில் சிவப்பு ரப்பர் கையுறையைச் செருகினாள். வாசலில் நூற்றைம்பது கோஸ். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். இறக்கு, வெட்டு, உப்பில் போடு, புரட்டு, அலசு, தூக்கு. மூன்று வாரம் தல்சு கேள்விக்குறி மாதிரி நடந்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். அவன் குனிந்திருந்த அழகை மச்சினி பின்பக்கமிருந்து படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். குரூப்பில் இருப்பவர்கள் முப்பத்திரண்டு பேர். சிரித்தவர்கள் அறுபது பேர்.

இந்த வருஷம் இன்னொரு ஆசையும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் எல்லாரும் கூடி ஆன்லைனில் டாங்கிச் சண்டை விளையாடுகிறார்கள். தல்சுவின் கம்ப்யூட்டரில் மட்டும் அது ஓடவில்லை. புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் ஓடும். ஆளில்லாத வீடு, இரண்டு நாள், பொரித்த கோழி, பீர், டாங்கி. நினைக்கும்போதே அவனுக்கு இடுப்பு வலி குறைந்தது.

யோசனை கேட்கக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குக்ஜினிடம் போனான். முப்பது வருஷ நண்பன். கல்யாணம் ஆகாதவன், ஆகவே புத்திசாலி என்று தல்சுவுக்கு நம்பிக்கை.

"டேய், கம்ப்யூட்டர் சாகணும். ஆனா சாகக் கூடாது."

"மயக்கம் போட்டு விழணும்ங்கற."

"அதேதான். மிரான் பார்த்தா செத்த மாதிரி தெரியணும்."

"ரொம்பச் சுலபம். ஆன் பண்ணினதும் செட்டிங்ஸுக்குள்ள போ. ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கற போர்ட்டை அணைச்சுடு. டிஸ்க் உள்ளேயே குத்துக்கல்லாட்டம் இருக்கும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு மட்டும் தெரியாது. வேணும்கறப்போ திரும்ப ஆன் பண்ணிக்க."

"மிரான் கண்டுபிடிச்சுட்டா?"

"பின்னல் டீச்சருக்கு இதெல்லாம் எங்கடா தெரியப்போகுது?"

இருவரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் செய்த முதல் தப்பு அது.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு விழுந்தது. கையில் நூல்கண்டோடு வந்த மிரான் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லலாம்னு வந்தேன். இதென்ன, டிஸ்கே இல்லைன்னு சொல்லுது?"

"அய்யய்யோ!" தல்சு நெற்றியில் அடித்துக்கொண்டான். கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை பழகிய அடி. "ஆபரேட்டிங் சிஸ்டம் போச்சு மிரான். புதுசாத்தான் போடணும்."

"திங்கக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கே. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நாள்."

"எந்த ரெண்டு நாள்?"

"சனி... ஞாயிறு."

"சரியா கிம்ஜாங் அன்னிக்கு."

"அட, ஆமாம்ல! எனக்கு மறந்தே போச்சு பாரு. ச்சே! உங்க அம்மாவை நினைச்சாத்தான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

மிரான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னலில் எந்த வரிசையில் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று தேடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"என் டிசைன் எல்லாம் அதுலதாங்க இருக்கு. ஒன்பது வருஷத்து டிசைன். வேற எங்கயும் கிடையாது."

"உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தறேன்."

"உயிர் வேணாம். இடுப்பு எப்படி இருக்கு?"

"இடுப்பா? எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"அதுவா? விடுங்க. இனிமே அவசியமில்லை."

சனிக்கிழமை விடிந்ததும் மிரான் காரில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "பாவம், நீங்க தனியாக் கிடந்து கஷ்டப்படணும்" என்றாள். கார் தெருமுனை திரும்பும்வரை தல்சு சோகமாகக் கையாட்டினான். திரும்பியதும் அதே கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு ஆட்டம் போட்டான். மாடிவீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்குக் காரியத்தில் இறங்கினான். மதியத்துக்குக் கோழி சொல்லியாகிவிட்டது. செட்டிங்ஸுக்குள் போய்ப் போர்ட்டை ஆன் செய்தான். புது ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் சொருகினான். அழகாக ஓடியது. மொழி கேட்டது, சொன்னான். நிபந்தனைக்கெல்லாம் சம்மதமா என்றது. கல்யாணமானவனுக்கு நிபந்தனை புதிதா என்ன? படிக்காமலே சம்மதம் என்றான். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கவேண்டிய இடம் வந்தது. அங்கே பட்டியல் காலி. 'டிரைவ் எதுவும் காணப்படவில்லை' என்று கீழே ஒரு வரி.

தல்சு சிரித்தான். "நடிப்பு முடிஞ்சுதுடா ராஜா, எழுந்திரு" என்று கம்ப்யூட்டர் முதுகில் தட்டினான். அணைத்துப் போட்டான். காணப்படவில்லை. செட்டிங்ஸைப் போய்ப் பார்த்தான். போர்ட் ஆனில்தான் இருந்தது. மறுபடி போட்டான். காணப்படவில்லை.

ஐந்தாவது தடவை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டு வினையாகிவிட்டது. டாங்கி போகட்டும், ஒன்பது வருஷ டிசைன்! ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டது. அதை ஒரு கோழிக்கும் டாங்கிக்கும் ஆசைப்பட்டுத் தொலைத்துவிட்டோமா?

குக்ஜினுக்குப் போன் போட்டான்.

"டேய், டிஸ்க் நிஜமாவே தெரியலடா!"

"இருடா, ஸ்பீக்கர்ல போடறேன். கை ஈரமா இருக்கு."

"கம்ப்யூட்டர் கடையில என்னடா ஈரம்?"

"டீ கொட்டிடுச்சு."

பின்னால் தக் தக் தக் என்று சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"பக்கத்துக் கடையில மர வேலை. நீ விஷயத்துக்கு வா. போர்ட்டைத் திறந்தியா?"

"திறந்தேன்."

"கன்ட்ரோலர் மோடை மாத்திப் பாரு."

மாற்றினான். கம்ப்யூட்டர் ஒரு நீலத் திரையைக் காட்டிப் பயமுறுத்தியது. திரும்ப மாற்றினான்.

"டிரைவர் ஃபைல் ஒண்ணு அனுப்பறேன். பென் டிரைவ்ல போட்டு ஏத்து."

மடிக்கணினி இல்லாத வீடு. கீழே காவல்காரர் அறைக்கு ஓடி, அவர் கம்ப்யூட்டரில் கெஞ்சி இறக்கி, லிஃப்ட் வராததால் ஒன்பது மாடி ஏறி வந்து ஏற்றினான். காணப்படவில்லை.

"வேற யூஎஸ்பி ஓட்டையில சொருகு."

சொருகினான்.

"பிளக்கைப் பிடுங்கிட்டு நூறு எண்ணு. சத்தமா எண்ணு."

எண்ணினான். எழுபதைத் தாண்டியபோது போனுக்கு அந்தப் பக்கம் யாரோ பொம்பளை மாதிரி கிளுக்கென்று சிரித்தது கேட்டது. மர வேலை செய்பவனுக்கு எப்படிப்பட்ட குரலும் இருக்கலாம் என்று விட்டுவிட்டான்.

நூறும் ஆயிற்று. காணப்படவில்லை. தல்சு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாம் அந்தக் கிழவியாலடா!"

"எந்தக் கிழவி?" என்று கேட்டுவிட்ட குக்ஜின் அவசரமாக, "வேணாம்டா, விடு" என்றான்.

"என் மாமியார்தான்! வேற யாரு? அதுக்கு மருமகன்னா மூட்டை தூக்கற கழுதை. கழுதைக்குக்கூட யாரும் பூப்போட்ட கால்சட்டை மாட்டி விடமாட்டாங்கடா!"

தக் தக் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. வாயைத் திறந்தவன் மூடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை பெய்தால்தான் கத்தும்.

"அதுக்கு மிளகாய்ப் பொடி அளக்கக்கூடத் தெரியாதுடா. வருஷா வருஷம் உப்பு ஜாஸ்தி. சப்புக்கொட்டித் தின்னுட்டு நல்லாருக்குன்னு பொய் சொல்றேன். அதெல்லாம்கூடப் போகட்டும்டா. மிரானோட டிசைன்! அவ கேட்டா என்ன சொல்லுவேன்? திட்டினாக்கூடத் தாங்கிப்பேன். பேசாம உட்கார்ந்து அழுதான்னா? என்னால முடியாதுடா."

குக்ஜின் மெதுவாகச் சொன்னான்.

"சரிடா. பெட்டியைத் திற."

பக்கத்து மூடியில் ஸ்க்ரூ ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மூடி கையோடு வந்தது. ஹார்ட் டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு ரப்பர் கையுறை ஒரு ஜோடி, இஸ்திரி போட்ட மாதிரி மடித்துச் செருகியிருந்தது. அதன்மேல் நூலில் பின்னிய ஒரு சின்னப் பூ.

"டேய்! உள்ள டிஸ்கே இல்லடா!"

"கம்ப்யூட்டர் அதைத்தானேடா காலைலேர்ந்து சொல்லிட்டிருக்கு!"

தல்சு கையுறையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். போனிலிருந்து மிரானின் குரல் வந்தது.

"என்னங்க, ஒரு மணிக்கு க்வெசான் பஸ் இருக்கு. டிஸ்க் பத்திரமா இருக்கு, அம்மா மடியில கட்டி வச்சிருக்காங்க. வரும்போது கையுறையை மறந்துடாதீங்க."

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு வயசான குரல், பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோல் கேட்டது.

"வரச் சொல்லு. உப்பு மூட்டை கழுதைக்குப் பழக்கம்தானே."

செருப்பு மாட்டும்போது அழைப்பு மணி அடித்தது. கோழி. தல்சு அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். சமாதானக் கொடிக்கு வேறு துணி கிடைக்கவில்லை.

மாமியார் வீட்டு முற்றத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் பூப்போட்ட கால்சட்டையில் இருந்தான். நிமிர்ந்தான். குக்ஜின்.

"துரோகி!"

"கத்தாதடா. வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போனதும், உன் வீட்டுக்காரம்மா காய்கறி வண்டியில கம்ப்யூட்டரை வச்சுத் தள்ளிக்கிட்டுக் கடைக்கு வந்தாங்க. 'அண்ணே, இதுல யார் கை வச்சது'ன்னு கேட்டாங்க. நான் வாயே திறக்கலை."

"அப்புறம்?"

"வேகவச்ச பன்னிக்கறி, புதுக் கிம்ச்சி, வீட்டுக்கு ஒரு டப்பான்னாங்க."

"ஒரு டப்பாவுக்கு முப்பது வருஷ நட்பை வித்துட்டியேடா!"

"பெரிய டப்பாடா." குக்ஜின் குரல் தாழ்ந்தது. "நீ காலைல கையாட்டினியே, அப்போ நான் தெருமுனையில காருக்கு நின்னுட்டிருந்தேன். நல்லா ஆடற."

கோழி கைமாறிக் கைமாறி உள்ளே போயிற்று. மச்சினியும் சித்திகளும் எலும்பு மட்டும் வெளியே அனுப்பினார்கள். மாமியார் புதுக் கால்சட்டை கொண்டுவந்தாள். போன வருஷத்தைவிடப் பூ பெரிது. தல்சு மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டான். பின்னால் செல்போன் கிளிக் என்றது.

வயலோரம் இந்த வருஷமும் நூற்றைம்பது கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. மிரான் பக்கத்தில் வந்து அவன் கையுறையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"நான் அழுதா உங்களால தாங்க முடியாதாமே?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத் தல்சுவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முப்பது கோஸ் தூக்கினான். நாற்பதாவதில் இடுப்பு கடக் என்றது.

மாமியார் உப்பு வாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, வலிக்குதா?"

"இல்லீங்க அத்தை. நல்லாத்தான் இருக்கு. உப்பும் அளவாத்தான் இருக்கு."

"எனக்கே மனசு கேக்கலை மாப்பிள்ளை. போன வருஷம் நீங்க பட்ட பாட்டைப் பார்த்துட்டு, இந்த வருஷம் உங்களைக் கூப்பிடவே வேணாம்னு சொல்லிட்டேன். உப்புல ஊறவச்சு, அலசி, வாசல்ல கொண்டுவந்து கொடுக்கறாங்க பாருங்க, அந்தக் கோஸாவே வாங்கிக்கலாம்னு ஆர்டரும் கொடுத்தாச்சு. அதை உங்ககிட்ட சொல்லத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் மிரான் வந்தாளாம்."

தல்சு கையிலிருந்த கோஸ் நழுவிக் காலில் விழுந்தது.

"அப்போ இந்த நூற்றைம்பதும்?"

"மறுநாளே போன் பண்ணிட்டாளே! 'அந்த ஆர்டரை நிறுத்திட்டு, வயல்லேர்ந்து பச்சையாவே இறக்கிடும்மா. பாவம், அவர் சனி ஞாயிறு ரெண்டு நாளையும் ஒதுக்கி வச்சுட்டு, செய்ய வேலை இல்லாம இருக்கார்'ன்னா."