கட்டற்ற லினக்ஸும் கூடத்து ஜன்னலும்

எங்கள் வீட்டுக் கணினியில் இனி ஒளித்து வைத்த நிரல் ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். ஓய்வு பெற்றவனுக்கு முடிவு செய்ய வேறென்ன இருக்கிறது? என் மனைவி இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள்.

கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் பல வகை உண்டு. பெரும்பாலானவை, எல்லாக் கருவியும் ஓடட்டும் என்று, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் காட்டாத சில மூடிய நிரல் துண்டுகளையும் சேர்த்தே தரும். ஒருசில மட்டும் மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். எனக்குப் பிடிவாதத்தோடு வாழ்ந்து பழக்கம். அவற்றில் ஒன்றை நிறுவினேன்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாத எதுவும் இனி இந்த வீட்டுக்குள்ள வராது" என்று அன்று மனைவியிடம் அறிவித்தேன். வாயில் குண்டூசிகள் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்குத் தையல் வேலை. பின்னறையில் மெஷின், பக்கத்தில் கணினி. வாடிக்கையாளர்கள் அளவும் படமும் அனுப்புவது அதில்தான்.

"என்னங்க, வைஃபை வரலை."

"அந்த வைஃபை அட்டைக்கு மூடின துண்டு வேணும். புது லினக்ஸ் அதைத் தொடாது. கேபிள் போட்டா வரும்."

"நெட் கேபிள் கூடத்துலதானே இருக்கு."

"நீளமா ஒண்ணு வாங்கி இழுத்துடலாம்."

"தடுக்கி விழுந்தா உங்கள யார் தூக்குறது? என் இடுப்பு இருக்குற இருப்புல?"

கணினி கூடத்துக்கு வந்தது. கணினி வந்தால் மெஷின் வராமல் இருக்குமா? மெஷின் வந்தது, இஸ்திரி மேசை வந்தது, அளவு கொடுக்கிறவர்கள் வந்தார்கள். ஜன்னலோரம் இருந்த என் சாய்வு நாற்காலி, செய்தித்தாள், நான் மூவரும் பின்னறைக்குப் போனோம். அங்கும் ஒரு ஜன்னல் உண்டு. எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். பட்டப்பகலிலேயே தலைப்புச் செய்திக்கு மேல் எதையும் படிக்க முடியாது.

சில வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு கூடத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, அந்த ஒரு துண்டை மட்டும் போட்டுடவா? நீ பழையபடி உள்ளயே தைக்கலாம்."

மெஷினை நிறுத்தினாள். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாததையா?"

"சின்னத் துண்டுதான்."

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா?"

"அவர் கேக்க மாட்டார்."

"நான் கேப்பேன். ஒரு கொள்கைன்னு எடுத்துட்டீங்க. அதை எனக்காகவா விடணும்? நான் கஷ்டப்பட்டுக்கிறேன்."

கஷ்டப்பட்டுக்கொண்டே, வெயில் விழுந்த மேசையில் துணியை விரித்தாள்.

தேடிப் படித்தேன். மூடிய துண்டு எதுவும் இல்லாமலே ஓடுகிற வைஃபை கருவிகள் சில இருக்கின்றன. விரல் அளவுதான். கணினியில் செருகினால் போதும். கொள்கையும் நிற்கும், கூடமும் திரும்பும். வெகு நாளைக்குப் பிறகு என் நடையில் வேகம் வந்தது.

கணினி உதிரிபாகக் கடைக்காரர் நான் கேட்டதை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொண்ணா சார்? நீங்க லினக்ஸ் மாத்தின வாரமே உங்க வீட்டம்மா இதை வாங்கிட்டுப் போனாங்களே. மூடின துண்டு இல்லாம ஓடணும்னு அவங்களே விசாரிச்சு வாங்கினாங்க. நல்லா வேலை செய்யுதா?"

"பிரமாதமா வேலை செய்யுது" என்றேன்.

பிறகு, பின்னறைக்கு ஒரு மேசை விளக்கு கேட்டேன்.